பெயரில்லாத சாதனம்

கூழைக்குளத்துக்குப் பறவைகள் வந்து இறங்குகிற தை மாதத்தில், ஊரிலுள்ள வேப்பமரம் புளியமரம் கருவேலமரம் ஒன்று பாக்கியில்லாமல் கூழைக்கடாக்களும் நாரைகளும் குச்சி அடுக்கிக் கூடு கட்டி, எச்சம் விழுந்து விழுந்து தெருவெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், சேர்மதுரையின் மனைவி முத்துக்கனி தன் வீட்டு வைஃபையில் தனக்குத் தெரியாத யார் யாரோ ஏறியிருப்பதைக் கண்டாள்.

நாங்குநேரிக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் உண்டு, ஆனால் பறவை இல்லாத மாதம் பார்த்துத்தான் கல்யாணமே வைப்பார்கள். அம்மன் கோவில் கொடைத் திருவிழா ஆடி கடைசிக்குத் தள்ளிப்போகும், அம்மனும் ஒன்றும் சொல்வதில்லை. ஏன் இப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், வருவது எங்கள் மகள்கள், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறார்கள், மகள் படுத்திருக்கிற வீட்டில் யாராவது சத்தம் போடுவார்களா என்று திருப்பிக் கேட்பார்கள். தை பிறந்தால் ஆடி வரைக்கும் ஊரே குரலைத் தாழ்த்திப் பேசும். அப்படிப் பேசிப் பேசிப் பழகிப்போய் மற்ற மாதங்களிலும் அவர்களுக்குக் குரல் எழும்புவதில்லை. களக்காட்டுச் சந்தையில் அவர்கள் கத்திரிக்காய்க்கு விலை கேட்டால், ஏதோ ரகசியம் சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து வியாபாரிகள் காதைக் கொண்டுவருவார்கள்.

முத்துக்கனி அந்த ஊரில் பிறந்தவள் அல்ல. கோவில்பட்டிக்காரி. வீட்டை எதிர்த்துச் சேர்மதுரையைக் கட்டிக்கொண்டு வந்தவள். அதோடு அவளுடைய வீடு அவளைத் தலைமுழுகிவிட்டது. வந்த புதிதில் அம்மாவுக்கு அவள் தினமும் ஃபோன் செய்தாள். மணியே அடிக்காமல் ஒரு கணம் உயிர் வந்து அடுத்த கணம் செத்துப்போகிற அந்த ஓசையைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். கடைசியில் சேர்மதுரைதான் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒன் நம்பர பிளாக் பண்ணியிருக்காவ கனி. இனிமே அடிக்காத." அப்புறம் அவள் அடிக்கவில்லை. ஆனால் ஃபோனை மாற்றும்போதெல்லாம் அம்மாவின் எண்ணை முதல் ஆளாகப் புது ஃபோனில் குடியேற்றிவிட்டுத்தான் மற்றவர்களை ஏற்றுவாள்.

வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால்தான். சேர்மதுரை பைக் மெக்கானிக். ஒரு விபத்துக்குப் பின் அவனுடைய வலது கை சொன்னதில் பாதியைத்தான் கேட்கும். முத்துக்கனி சன்னல் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வேலை பார்த்தாள்: கடல் கடந்த ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான எண்ணைப் போடுகிற வேலை. முகம் தெரியாத சனங்களின் மார்வலியும் மூட்டுவலியும் மனக்கலக்கமும் அந்தச் சன்னல் வழியாக வந்து, எண்ணாகித் திரும்பிப் போயின. நோயாளிகளின் ரகசியம் என்பதால் கம்பெனிக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. வேலை செய்கிறவர் வீட்டு வைஃபையில் அடையாளம் தெரியாத சாதனம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் வேலை இல்லை.

ஆகவே அன்று காலை தன் ஃபோனில் வைஃபை ஆப்பைத் திறந்தவள், தன் ஃபோன், சேர்மதுரை ஃபோன், கம்ப்யூட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில், 'பெயரில்லாத சாதனம்' 'பெயரில்லாத சாதனம்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, தள்ளத் தள்ளத் தீராமல் ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, கையிலிருந்த காப்பியை ஆறவிட்டாள்.

"அத்தே, நம்ம நெட்ட யாரோ திருடுதாவ."

முற்றத்தில் எச்சத்தைக் கூட்டி உரக்குழியில் தள்ளிக்கொண்டிருந்த மாமியார் பேச்சியம்மாள் நிமிரவில்லை. "நம்ம வீட்ல திருட அது ஒண்ணுதான் பாக்கி. யாராம்?"

"பேரு இல்ல. பேரில்லாம வரிசையா நிக்கி."

"பேரில்லாம எப்பிடிட்டி நிக்கும்? கூப்பிட்டுக் கேளு, ஏ, நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு."

முத்துக்கனி பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றியதைக் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சேர்மதுரை பல்துலக்கிய வாயோடு வந்து, "ஏளா, என்னைய மட்டும் வெளிய நிப்பாட்டிட்டியே" என்று ஃபோனைக் காட்டினான். அவனுடைய ஃபோன் வெளியே நின்றது. பெயரில்லாதவை எல்லாம் உள்ளேயே இருந்தன. அவள் மறுபடியும் மாற்றினாள். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, தனக்கே ஞாபகம் நிற்காத ஒன்றைப் போட்டாள். அவை கொஞ்சமும் அசையவில்லை. சாவியைக் கேட்காமலே பிறந்த வீட்டுக்குள் நடந்து போகிறவர்களைப் போல, சும்மா உள்ளே இருந்தன.

ஊருக்கு இன்டர்நெட் ஒயர் இழுத்துக் கொடுத்திருந்த ஞானதுரையைக் களக்காட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் வந்து பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்த பல்லிமுட்டையை ஊதித் தள்ளி, "இதான் கோளாறு" என்றான். முட்டை போன பின்பும் அவை போகாததைக் கண்டு கொஞ்ச நேரம் மண்டையைச் சொறிந்தான். பிறகு தன் தொழில் ரகசியத்தை அவிழ்த்தான்.

"மைனி, ஒரு வழி இருக்கு. அதுல ஒண்ண மட்டும் பிளாக் பண்ணுங்க. பண்ணிட்டு வாசல்ல வந்து காதைக் குடுத்துக்கிட்டு நில்லுங்க. எந்த வீட்லேருந்து, 'ஐயோ, நெட் போச்சே'ன்னு சத்தம் வருதோ, அந்த வீட்டுக்காரன்தான் கள்ளன். நான் பிடிச்சது எல்லாம் இப்பிடித்தான்."

களக்காட்டில் அது நல்ல வழி. கூழைக்குளத்தில் தை மாதத்தில் எவனும் சத்தம் போடமாட்டான், பாம்பு கடித்தாலும் மெல்ல வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் சொல்லுவான் என்பது ஞானதுரைக்கு மறந்துபோயிற்று. வெளியூரிலிருந்து வந்தவள் என்பதால் முத்துக்கனிக்கும் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. அவள் வரிசையில் முதலில் நின்றதைத் தொட்டு பிளாக் செய்துவிட்டு, வாசலில் வந்து காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. தெரு அதன் பாட்டுக்கு வெயிலில் கிடந்தது. தூரத்தில் யாரோ அம்மியில் அரைத்தார்கள். அந்த அமைதியில் நின்று நின்று அவளுடைய காது மெல்ல மெல்லத் திறந்துகொண்டு, இத்தனை வருஷமாக அந்த ஊரில் இருந்தும் கேட்டிராத ஒன்றைக் கேட்டது: தலைக்கு மேலே, ஈரத்துணியைக் காற்றில் மெதுவாக உதறுவது போல, ஒரு சோடிச் சிறகு, சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். வேப்பமரத்துக்கு மேலே ஒரு கூழைக்கடா, தாடைப்பை நிறைய மீனோடு, வட்டமடித்துக்கொண்டிருந்தது. மரத்தில் அதன் கூடு அதற்குக் கீழேயே இருந்தது. கூட்டுக்குள் அதன் இணை முட்டைகளின் மேல் குந்திக்கொண்டு, அலகை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்த பறவை இறங்கும், மரத்தைத் தொடப்போகிற நேரத்தில், வேற்று வீட்டுக்கதவைத் தட்டப்போனவளைப் போல வெட்கப்பட்டு விலகும், மறுபடி ஏறும், மறுபடி தேடும். கண்ணுக்கு முன்னால் இருந்த வீடு அதற்குத் தெரியவில்லை.

முத்துக்கனி கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். பிளாக்கை எடுத்தாள். மேலே பறவை ஒரு முறை கழுத்தை அசைத்தது, வழி கேட்டவள் ஒருத்தி "ஓ, இதுவா" என்று சொல்லிக்கொள்வதுபோல. பிறகு சிறகை மடக்கி நேராகத் தன் கூட்டில் வந்து இறங்கியது.

அவள் இன்னொன்றை பிளாக் செய்தாள். புளியமரத்து நாரை ஒன்று வானத்தில் அநாதையாயிற்று. எடுத்தாள். வந்து சேர்ந்தது. அதற்கு மேல் சோதித்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, எச்சம் வெளுத்த தன் முற்றத்தில் வெறுங்காலோடு நின்றாள்.

"அத்தே" என்றாள். "திருடினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

பேச்சியம்மாள் கேட்டுவிட்டு, முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "இதுக்குத்தான் இம்புட்டு அலப்பறையா? பின்ன, அதுகளுக்கு வீட்டுக்கு வர வழி தெரியாண்டாமா? முன்னக்காலத்துல நச்சத்திரத்தப் பாத்து வந்துச்சுவ. நாமதான் தெருவுக்குத் தெரு லைட்டப் போட்டு நச்சத்திரத்தத் தொலச்சிட்டோம்லா. கெடச்சதப் பிடிச்சிக்கிட்டு வருதுவ, பாவம்."

ஞானதுரை பல்லிமுட்டைக்கு உண்டான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

சேதி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது, ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு, அந்த ஊர்ச் சேதிகள் எல்லாம் போகிறபடி. ஒருவரும் அதிசயப்படவில்லை. அவரவர் வீட்டு வைஃபையைத் திறந்து பார்த்தார்கள். அவரவர் வீட்டு மரத்துக்குத் தக்கபடி பெயரில்லாதவை இருந்தன. உடனே எல்லோருக்கும் செய்ய வேண்டியது என்ன என்பது தானாக விளங்கிவிட்டது, வெடி வேண்டாம் மேளம் வேண்டாம் என்று எப்போதோ ஒரு காலத்தில் யாரும் சொல்லாமலே விளங்கியதுபோல. பறவைகள் இரை கொண்டுவருகிற காலையிலும் மாலையிலும் லைனில் நெரிசல் வேண்டாமென்று படம் பார்ப்பதை நிறுத்தினார்கள். கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடுமே என்று பேட்டரி வாங்கி மாட்டினார்கள், சாமி விளக்குக்கு எண்ணெய் பார்ப்பதுபோலப் போய்ப் போய் அதன் பச்சை வெளிச்சத்தைப் பார்த்து வந்தார்கள். மும்பையிலிருக்கிற பேரனை வீடியோவில் கொஞ்சிக்கொண்டிருந்தவர்கள், "சரிடா மக்கா, அதுக மீன் கொண்டாற நேரம், வைக்கேன்" என்று பாதிக் கொஞ்சலில் வைத்தார்கள்.

டீக்கடையில் சுடலையாண்டிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "கடைசி ஓவருடே. பந்து கையவிட்டுப் போவுது, படம் அப்பிடியே வட்டம் போட்டு நின்னுட்டு."

"பொறும்வே. கூழைக்கடா எறங்கட்டும்."

"அது எறங்குததுக்குள்ள அவன் அவுட்டாயிட்டான்னா?"

"அவன் அவுட்டானா நாளைக்கு வந்து ஆடுவான். குஞ்சு பட்டினி கெடந்தா நாளைக்கு இருக்குமாவே?"

சுடலையாண்டி ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஓவரின் முடிவை மறுநாள் பேப்பரில் தெரிந்துகொண்டான்.

மிச்சமிருந்த முட்டைகளும் பொரிந்தன. மரங்கள் குஞ்சுகளின் குரலால் நிறைந்தன. அந்த ஊரில் உரக்கக் கத்துவதற்கு உரிமை பெற்றவை அவை மட்டும்தான். முத்துக்கனி வேலைக்கு நடுவே ஆப்பைத் திறந்து பார்ப்பாள். விடியும்போது அந்த வரிசை கலைந்து கலைந்து குளத்தை நோக்கி மறையும். வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேரும். ஒன்று வரத் தாமதித்தால் அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும். இப்படி ஒரு வரிசையில் யாராவது தனக்காகக் காத்துப் பார்த்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய மார்வலிக்கு எண் போடத் திரும்புவாள்.

மாதக் கடைசி வந்தது. கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்தவர் ஹேமலதா மேடம். நல்ல மாதிரி, ஆனால் விதியை விட்டு இம்மியும் நகராதவர். "முத்துக்கனி, நாளைக்குக் காலைல வீடியோல தணிக்கை. உங்க நெட்வொர்க்க நான் நேர்ல பார்ப்பேன். தெரியாதது ஒண்ணு இருந்தாலும் என் கையில இல்ல, பாத்துக்கங்க" என்றார்.

அவள் சேர்மதுரையைப் பார்த்தாள். அவன் தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தான். "ஒன் இஷ்டம் கனி" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தணிக்கைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஆப்பைத் திறந்தாள். 'பெயரில்லாத எல்லாவற்றையும் பிளாக் செய்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. கொஞ்ச நேரம்தான், மேடம் பார்த்து முடித்ததும் எடுத்துவிடலாம், ஒரு வேளை இரை தள்ளிப்போனால் செத்தா போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டாள்.

முதலில் கம்ப்யூட்டர் இருந்த இடம் இருண்டது. சன்னலில் நிழல் ஏறியிருந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

அந்த வீட்டைச் சுற்றியிருந்த மரங்களின் பறவைகள் மட்டும் அல்ல. ஒன்று தவிப்பதைப் பார்த்து இன்னொன்றும், அதைப் பார்த்து அடுத்ததுமாக, ஊரின் அத்தனை மரங்களும் தங்கள் பறவைகளை வானத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தன. வெள்ளையும் கறுப்பும் ரோசாவுமாக, தாடைப்பைகள் மீனால் கனத்துத் தொங்க, கால்கள் பின்னால் நீண்டு துவள, ஒரு பெரிய ஆட்டுக்கல் வானத்தில் சுழல்வதுபோல அவை சுழன்றன. சுழன்ற நிழல் கூரைகளின் மேலும் தெருவின் மேலும் அவள் முகத்தின் மேலும் போய்ப் போய் வந்தது. கீழே ஆயிரம் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. மேலே இருந்த தாய்களுக்கு அந்தக் கத்தல் கேட்டது. எங்கிருந்து கேட்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

ஊர் வந்து அவள் வாசலில் நின்றது. ஆணும் பெண்ணுமாக, கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, கரண்டியோடும் துவைத்த துணியோடும் பாதி மழித்த முகத்தோடும் வந்து நின்றார்கள். யாராவது ஒருவர் ஏசியிருந்தால் முத்துக்கனி பதிலுக்கு அழுதிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் நின்றாள்.

பேச்சியம்மாள்தான் அவள் அருகே வந்தாள். "ஒம்மேல யாருக்கும் கோவம் இல்லட்டி. நீ போடுத சோத்தத்தான் நானும் திங்கேன், எனக்குப் பேச வாயி இல்ல" என்றாள், எப்போதும்போலத் தாழ்ந்த குரலில். "ஆனா வாசல் வரைக்கும் வந்தவளுக்குக் கதவு தொறக்கலன்னா எப்பிடி இருக்கும்னு, இந்த ஊர்ல ஒன்னையவிட யாருக்குத் தெரியும்?"

உள்ளே கம்ப்யூட்டரில் மணியடித்தது. ஹேமலதா மேடம்.

முத்துக்கனி உள்ளே போய் அழைப்பை எடுத்தாள். திரையில் மேடத்தின் முகம் வந்தது. "குட்மார்னிங். லிஸ்ட்ட காமிக்கறீங்களா?" முத்துக்கனி ஃபோனைத் திரைக்கு முன்னால் பிடித்தாள். "ஓ, நல்லா கிளீனா இருக்கே."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் முத்துக்கனி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "நான் கொஞ்சம் பேர வெளிய நிப்பாட்டிட்டேன். கூப்பிட்டுக்கிடுதேன்."

எல்லாவற்றையும் ஒரே தொடுதலில் அடைக்கத் தெரிந்த அந்த ஆப்புக்கு, ஒரே தொடுதலில் திறக்கத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத்தான் திறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் அது கேட்டது: இந்தச் சாதனத்தை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் பெயர் தருக. அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரையும் தூக்கி வாசற்படியில் வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்தாள்.

"பேரு கேக்குது" என்றாள் ஊரைப் பார்த்து.

மேலத்தெரு வேலம்மாள், கையில் கரண்டியோடு ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுடைய மூத்த மகள் கட்டிக்கொடுத்துப் போன மும்பைப் பக்கத்துப் பிவண்டியிலிருந்து தறிக்கு நடுவே வருஷத்துக்கு ஒரு முறை ஃபோன் பேசுகிறவள். "சொர்ணம்னு போடு" என்றாள் வேலம்மாள். "என் மவ."

முத்துக்கனி 'சொர்ணம்' என்று போட்டாள். வானத்துச் சுழற்சியிலிருந்து ஒரு பறவை பிரிந்து, நேராக வந்து, புளியமரத்தில் இறங்கியது. ஒரு கூட்டின் கத்தல் அடங்கியது.

"ராசாத்தி" என்றாள் இன்னொருத்தி. "துபாய்ல வீட்டு வேலைக்கு நிக்கா." ராசாத்தி இறங்கினாள். "பிச்சம்மா." "கோமதி, எங்க கோமு." "ஜெபமணி." வாத்தியார் தன் அக்காவின் பெயரைச் சொன்னார், சின்ன வயதில் காய்ச்சலில் போனவள். சுடலையாண்டி ரொம்ப யோசித்து, முறித்துக்கொண்டு போன முதல் சம்சாரத்தின் பெயரைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, அதுவும் இறங்கியது. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன, ஊரைவிட்டுப் போய்த் திரும்பாத பெண்களின் பெயர்கள், எழுப்பக் கூடாத யாரையோ எழுப்புவதுபோல மெல்லிய குரலில். ஒவ்வொரு பெயருக்கும் வானம் ஒரு பறவையை விடுவித்தது, ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கூடு அமைதியாயிற்று. வெயில் நகர்ந்து திண்டாடித் திண்டாடி முற்றத்துக்குள் திரும்ப வந்தது.

ஹேமலதா மேடம் ஏறிக்கொண்டே இருந்த பெயர்களை எண்ணிப் பார்த்தார். "முத்துக்கனி" என்றார் கடைசியில். "உங்க வீட்ல மொத்தம் எத்தன பேரு?"

"எல்லாரும் பிரசவத்துக்கு வந்திருக்காவ மேடம்."

"தெரியாதவங்க?"

"இப்ப யாரும் இல்ல மேடம். எல்லாரும் தெரிஞ்சவங்கதான்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன பேர் இருக்கற வீட்டுக்கு நான் ஃபைல் அனுப்ப முடியாதும்மா. எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க."

"தெரியும் மேடம்."

"ஒண்ணு பண்ணலாம். சம்பளம் இல்லாத லீவு. இவங்க எல்லாம் போற வரைக்கும். உங்க இடத்த நான் பிடிச்சு வைக்கறேன், அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க." அவர் ஏதோ தட்டினார். "காரணம் கேக்குது. வீட்ல பிரசவம்னு போடறேன். பொய் இல்லையே?"

"இல்ல மேடம்."

வைக்கப்போன மேடம் வைக்கவில்லை. "அந்தச் சத்தம் என்னது, துணி உதர்ற மாதிரி?"

"இறங்குதாவ மேடம்."

"கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்புங்களேன்." முத்துக்கனி திரையை வானத்தின் பக்கம் திருப்பி வைத்தாள். பெயர்கள் தீரும் வரைக்கும் மேடம் அங்கேயே இருந்தார்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. வேப்பமரத்தில் கூடு வைத்திருந்த, முதல் நாள் அவள் முதலில் அடைத்துத் திறந்த அதே கூழைக்கடா. ஊரில் யாருக்கும் சொல்லப் பெயர் பாக்கியில்லை. எல்லோரும் முத்துக்கனியைப் பார்த்தார்கள். அவளுக்குள் ஒரு பெயர் வந்து நின்றது, அவளுடைய சொந்தப் பெயர்தான். ஆனால் அங்கே பெயர் சொல்லப்பட்டவர்கள் எல்லாம் யாருக்காவது உரியவர்கள். தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு எப்படி உள்ளே வருவது? அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் திறந்தாள். பறவை அதைப் பொருட்படுத்தவில்லை. இறங்கிக் குஞ்சுக்கு மீனைக் கொடுத்தது.

வீட்டில் பிரசவம் என்று எழுதியாகிவிட்டதால், ஊர் அதையும் விட்டுவிடவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செய்கிறபடி, நாளுக்கொரு வீட்டிலிருந்து முத்துக்கனிக்குச் சோறும் பூண்டுக் குழம்பும் கருவாடும் வந்தன. வேலம்மாள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கசப்பான காய மருந்தை உருண்டை பிடித்துக் கொண்டுவந்து, அவள் முகத்தைச் சுளித்து விழுங்கும் வரைக்கும் முன்னால் நின்றாள். "எனக்கு எதுக்கு மைனி இது?" என்றால், "லீவு நீதான போட்டுருக்கே, நீதான் திங்கணும்" என்பாள். சேர்மதுரை ஒற்றைக் கையால் தெருத் தெருவாகப் பேட்டரி சரிபார்த்துக் கொடுத்தான். பேச்சியம்மாள் தினமும் மருமகளிடம் ஆப்பைப் படித்துக் காட்டச் சொல்லி, சொர்ணம் வந்துட்டாளா, கோமு இன்னுமா வரல என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

ஆனி முடிந்து, குளம் வற்றி, குஞ்சுகளுக்குச் சிறகு முற்றியது. அவை போகத் தொடங்கின. ஆப்பில் ஒவ்வொரு பெயராகச் சாம்பல் நிறமாயிற்று. தாய்மார்கள் வந்து தாங்கள் சொன்ன பெயர் மங்குவதைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லபடியாப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மரங்கள் எச்சமும் இறகும் பழைய குச்சிகளுமாகக் காலியாயின. கடைசியில் வேப்பமரத்துக் கூழைக்கடா மட்டும் நின்றது. எல்லோரும் போன திசையை அது பார்க்கவில்லை. ஒரு காலைநேரம் கூட்டின் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முத்துக்கனியின் தலைக்கு மேலே ஒரே ஒரு வட்டம் போட்டு, வடக்கே பறந்தது. வடக்கே குளம் கிடையாது. கோவில்பட்டிக் கரிசலும் தீப்பெட்டி ஆபீஸும் சிமெண்டுக் கூரையும்தான்.

ஆடிக் கொடைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த அன்று முத்துக்கனியின் ஃபோன் அடித்தது. பந்தல்கால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், திரையைப் பார்த்துவிட்டு மூங்கிலை விட்டாள். எல்லாரையும்விட முதலில் அவள் குடியேற்றுகிற எண் அது.

"ஏட்டி" என்றது அந்தக் குரல். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான். பிறகு, மூச்சு. பிறகு, நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவளைப் போல அம்மா சொல்லத் தொடங்கினாள். "நம்ம வீட்டு நெட்டுல யாரோ தெரியாதது ஏறியிருக்குன்னு ஒன் தம்பி பாஸ்வேர்ட மாத்துனான். போவல. அப்பறம் எதையோ அமுக்கி அடச்சான். நான் வத்தலு காயப்போட மாடிக்குப் போனேன். பெரிய பறவை ஒண்ணு, நம்ம தெருவுல கண்டதே இல்ல, தண்ணித்தொட்டிய சுத்திச் சுத்தி வருது. எறங்கத் தெரியல. வெயில்னா வெயிலு. வாயத் தொறந்து தொறந்து மூடுது. பாத்துக்கிட்டே நின்னேன்." அம்மா நிறுத்தினாள். "எனக்கு என்னமோ ஆயிட்டு. கீழ ஓடிப்போயி, தொறடா, தொறந்து விடுடா அதன்னு அவன அடிச்சேன். தொறந்தான். எறங்கிட்டு."

பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் முத்துக்கனியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைவேலையை நிறுத்தினார்கள்.

"தொறக்கும்போது பேரு கேக்குதாம். தெரிஞ்சவங்களான்னு கேக்குதாம். தம்பி, என்ன போடன்னு என் மூஞ்சியப் பாத்தான்." அம்மாவின் குரல் தேய்ந்தது. "ஒம்பேரத்தான் போடச் சொன்னேன். சரிதானா கனி?"

முத்துக்கனி மூங்கில் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். "ம்" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"ம். நீங்க ஏம்மா இவ்வளவு மெதுவாப் பேசுதிய? உடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லட்டி" என்றாள் அம்மா, இன்னும் தாழ்ந்த குரலில். "தொட்டி மேல கழுத்த மடக்கி வச்சிக்கிட்டு இப்பதான் கண்ண மூடியிருக்கு. எம்புட்டுத் தூரம் பறந்து வந்துச்சோ. சத்தம் போட்டா முழிச்சிரும்லா."